கையெழுத்துப் போட முன்: ரவி அண்ணாவுக்கு ஒரு கடிதம்

அன்பின் ரவி அண்ணாவுக்கு,

மகளை வெளிநாட்டில் படிக்க அனுப்ப முகவர் தந்த விண்ணப்பப் படிவமும், ஈடு வைக்க எடுத்த நிலாவெளிக் காணி உறுதியும் ஒரே கோப்பில் இருப்பதாக அண்ணி சொன்னார். "குறைந்த செலவில், ஆங்கிலத்தில், நல்ல மெடிசின் எந்த நாட்டில் படிக்கலாம்?" என்று நீங்கள் கேட்டதற்குப் போனில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் இதே கேள்வியோடு தாய் தகப்பன்மார் வருகிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

வெளிநாட்டில் மருத்துவம் படிப்பதற்கு நான் எதிரானவள் இல்லை. நானே பங்களாதேஷில் படித்துவிட்டு வந்தவள். என்னோடு வார்டில் நிற்பவர்களில் ரஷ்யாவில் படித்தவர்களும் இருக்கிறார்கள், நல்ல வைத்தியர்கள். உங்கள் மகள் உயர்தரத்தில் மருத்துவபீட வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டாள் என்பதற்காக அவளுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அரச மருத்துவபீடங்களில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் திருகோணமலை இருந்தும் நம் பிள்ளைகள் பலருக்கு இடம் கிடைப்பதில்லை. இடங்கள் அவ்வளவுதான்.

ஆனால் அண்ணா, நீங்கள் முதலில் நாட்டைத் தேடுகிறீர்கள், அதில் மலிவானதைத் தேடுகிறீர்கள். நான் கேட்பது, கணக்கைக் கடைசியிலிருந்து பாருங்கள் என்றுதான். பிள்ளை திரும்பி வந்து இந்த ஊர் ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கு வேலை தொடங்கும் நாள் வரைக்கும் என்னென்ன தேவையோ, அதெல்லாம் சேர்ந்ததுதான் செலவு. முகவர் எழுதித் தந்த தொகை முதலாம் ஆண்டுக் கட்டணம் மட்டும்.

திரும்பி வந்தால் அவள் போய் நிற்க வேண்டிய இடம் இலங்கை மருத்துவச் சபை. கொழும்பு 10, நொறிஸ் கனல் வீதியில் இருக்கிறது. அந்தச் சபை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகத்தின் பட்டம் இருந்தால்தான், இங்கே வைத்தியராகப் பதிவதற்கான ஈ.ஆர்.பி.எம் பரீட்சைக்கு இருக்கலாம். பழைய ஆட்கள் 'ஆக்ட் 16' என்று சொல்வது அதைத்தான். வெளிநாட்டில் படித்த எல்லோரும் அதில் சித்தியடைய வேண்டும். அப்புறம் உள்ளகப் பயிற்சி ஓராண்டு, அதற்கு நியமனம் வரும்வரை காத்திருப்பு. இவ்வளவும் முடிந்தால்தான் முழுப் பதிவு. உயர்தரத்தில் எடுத்த பெறுபேற்றுக்கும் ஒரு ஆகக்குறைந்த அளவு உண்டு. 2018இல் வர்த்தமானியில் வந்த விதிப்படி ஆகக் குறைந்தது இரண்டு பாடங்களில் சி, ஒன்றில் எஸ். உங்கள் மகள் அதற்கு மேலே இருக்கிறாள், சந்தோஷம். ஆனால் "ரிசல்ட் ஒரு பிரச்சினையே இல்லை, எதுவாக இருந்தாலும் எடுப்பார்கள்" என்று முகவர் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னாராம். அந்தப் பல்கலைக்கழகம் எடுக்கும். திரும்பி வரும்போது நம் சபை எடுக்காது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாத ஒருவரிடம் காணி உறுதியைக் கொடுக்காதீர்கள்.

"உலக மருத்துவக் கல்லூரிகளின் அட்டவணையில் பெயர் இருக்கிறது, அதனால் உலகம் முழுக்கச் செல்லும்" என்றும் அவர் சொல்லியிருப்பார். அந்த அட்டவணை உண்மையானதுதான். ஆனால் அதில் பெயர் இருப்பது அங்கீகாரம் ஆகாது என்று அதை நடத்துபவர்களே சொல்கிறார்கள். அங்கீகாரம் கொடுப்பது அந்தந்த நாட்டுச் சபை. ஆகவே இரவு பஸ் ஏறி, பிள்ளையின் பெறுபேற்றுச் சான்றிதழோடும் பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரோடும் மருத்துவச் சபைக்குப் போய், எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். முழுப் பெயர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே நகரத்தில் ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருக்கும். அரசாங்கத்தினது ஒன்று, தனியார் ஒன்று, நேற்று திறந்தது ஒன்று.

சரி, ஆங்கிலம். இதைப்பற்றித்தான் நான் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாருமே சரியாகச் சொல்வதில்லை.

'ஆங்கில மொழிமூலம்' என்று விளம்பரத்தில் இருந்தால், விரிவுரை ஆங்கிலத்தில், புத்தகம் ஆங்கிலத்தில், பரீட்சை ஆங்கிலத்தில். நோயாளி ஆங்கிலத்தில் பேசமாட்டார். பெலாரஸின் மின்ஸ்க்கில் கட்டிலில் படுத்திருக்கும் வயதான அம்மா ரஷ்ய மொழியில்தான் தன் நெஞ்சுவலியைச் சொல்வார். சீனாவில் சீன மொழியில், திபிலிசியில் ஜோர்ஜிய மொழியில். மருத்துவம் என்பது பாதிக்கு மேல் நோயாளியோடு கதைத்துத் தெரிந்துகொள்வது. எப்போது தொடங்கியது, எங்கே வலிக்கிறது, மூச்சு எடுக்கும்போது கூடுகிறதா, வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா. இதைக் கேட்கத் தெரியாதவர் வார்டில் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவார், அவ்வளவுதான். நல்ல பல்கலைக்கழகங்கள் இது தெரிந்தே முதலாம் ஆண்டிலிருந்து உள்ளூர் மொழியைக் கட்டாயப் பாடமாக வைக்கின்றன. "மொழியெல்லாம் தேவையே இல்லை" என்று யாராவது சொன்னால், அங்கே வெளிநாட்டுப் பிள்ளைகளை நோயாளிக்குக் கிட்டே விடுவதில்லை என்றுதான் எனக்குப் படும்.

நான் படித்தது சிட்டகொங்கில். அங்கே பாடத்தைச் சிறு சிறு துண்டாக்கி 'ஐட்டம்' என்று வாய்மொழியாகக் கேட்பார்கள். ஐட்டங்கள் முடிந்தால் 'கார்ட்', பிறகு 'டேர்ம்', கடைசியில் பல்கலைக்கழகம் நடத்தும் 'ப்ரொஃப்'. ஒரு ஐட்டம் தவறினால் அடுத்த படிக்குப் போக முடியாது. அழுதிருக்கிறேன், ஆனால் அந்த முறை என்னைத் தூங்க விடாமல் படிக்க வைத்தது. வங்காள மொழியை வகுப்பில் கொஞ்சம் படித்துக்கொண்டு வார்டுக்குப் போனால், நோயாளிகள் பேசியது சிட்டகொங் பேச்சு. டாக்காவிலிருந்து வந்த என் வகுப்புத் தோழிகளுக்கே அது விளங்கவில்லை! ஆயாக்களிடமும் நோயாளிகளோடு துணைக்கு நின்ற சொந்தக்காரரிடமும் கேட்டுக் கேட்டுத்தான் நாங்கள் எல்லோரும் பழகினோம்.

இன்னொன்றும் உண்டு. அங்கே டெங்கு பார்த்தேன், பாம்புக்கடி பார்த்தேன், காசநோய் பார்த்தேன். இங்கே வந்தபோது வார்டு எனக்குப் புதிதாக இருக்கவில்லை. நம் மாவட்டத்தில் மழை தொடங்கினால் டெங்கு, வயல் வேலை தொடங்கினால் எலிக்காய்ச்சலும் பாம்புக்கடியும், பதவி ஸ்ரீபுரப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய். பனி நாட்டில் ஆறு வருடம் படித்த பிள்ளை இவற்றைப் புத்தகத்தில்தான் கண்டிருப்பாள். படித்துப் பிடித்துவிடலாம், பிடித்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஈ.ஆர்.பி.எம்முக்குத் தயாராக அவளுக்கு இன்னும் கொஞ்சக் காலம் தேவைப்படும் என்று இப்போதே கணக்கில் போடுங்கள். நம் அயலில் இந்தியா நடத்தும் இதே மாதிரியான பரீட்சையில், 2023 டிசம்பர் தவணையில் சித்தியடைந்தவர்கள் ஏறத்தாழ 20 வீதம்தான். வெளிநாட்டுப் பட்டத்தோடு வந்த ஐந்து பேரில் நான்கு பேர் அந்தத் தடவை வீட்டுக்குப் போனார்கள். ஈ.ஆர்.பி.எம்முக்குத் தயாராகும் காலத்தில் பிள்ளைக்குச் சம்பளம் இல்லை. ரியூஷன் காசு, கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு எல்லாம் உங்கள் கையிலிருந்துதான்.

இனிக் காசு. ஆண்டுக்கு 4,000 டாலர் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். 2022 தொடக்கத்தில் டாலர் ஏறக்குறைய 200 ரூபாய், ஆக 8 இலட்சம். அதே வருடம் மே மாதம் டாலர் 360ஐத் தாண்டியது. அதே கட்டணம் 14 இலட்சத்து 40 ஆயிரம் ஆகிவிட்டது. பல்கலைக்கழகம் ஒரு சதம்கூடக் கூட்டவில்லை. அப்போது கையில் ரூபாய் இருந்தும் வங்கியில் டாலர் கிடைக்காமல் அலைந்த பெற்றோரை நான் கண்ணால் கண்டேன். ஆறு வருடத்துக்கு டாலர் ஒரே விலையில் நிற்கும் என்று நம்பிக் காணியை ஈடு வைக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து இன்னொரு தடவை யோசியுங்கள். இன்றைய விலையில் முழுப் படிப்புக்கும் என்ன வருமோ, அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்காவது தனியாக வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அந்தப் பல்கலைக்கழகம் உங்களுக்கு மலிவானது இல்லை. விடுதி, காப்புறுதி, வீசாப் புதுப்பிப்பு, குளிருடுப்பு, விமானச் சீட்டு, தவறிய பாடத்துக்குத் திரும்பக் கட்டும் கட்டணம், இவை எல்லாம் அந்த அழகான வண்ணத் தாளில் இருக்காது. கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு வங்கி மூலம் நேரே போக வேண்டும். முகவரின் சொந்தக் கணக்குக்குப் போட்டால், பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

நாடுகளைப்பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் எம்.பி.பி.எஸ் படிக்க வெளிநாட்டவரும் நீட் என்ற நுழைவுப் பரீட்சை எழுதித் தகுதி பெற வேண்டும். பங்களாதேஷில் அரசக் கல்லூரிகளில் சார்க் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இடங்கள் உண்டு, நல்ல பெறுபேறு இருந்தால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். பாகிஸ்தானும் நம் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. சீனாவில் எந்தப் பல்கலைக்கழகங்கள் ஆங்கிலத்தில் மருத்துவம் நடத்தலாம் என்று அந்நாட்டுக் கல்வி அமைச்சே பட்டியல் போட்டிருக்கிறது, அதற்கு வெளியே போகவே வேண்டாம். ரஷ்யா, பெலாரஸ், ஜோர்ஜியா, கிர்கிஸ்தான் எல்லாம் பெரும்பாலும் ஆறு வருடப் பாதை, நல்ல இடமும் உண்டு, வெறும் கட்டடமும் உண்டு.

ஊர் நிலைமையையும் பார்க்க வேண்டும். 2022 பெப்ரவரியில் உக்ரேனில் யுத்தம் தொடங்கி, ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்கள் படிப்பை நடுவில் விட்டு எல்லையைக் கடந்தார்கள். 2024 மே மாதம் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர்களின் விடுதிகளுக்குள் கும்பல் புகுந்தது. அதே வருடம் ஜூலையில் பங்களாதேஷ் கலவரத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகள் அவசரமாக ஊர் திரும்பினார்கள். கொரோனாக் காலத்தில் சீனா நீண்ட நாள் கதவைச் சாத்திவிட்டது, பிள்ளைகள் வீட்டு மேசையில் இருந்து மடிக்கணினியில் மருத்துவம் படித்தார்கள். யுத்தத்தில் ஓடிய சனம் நாங்கள், இதை உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அப்படி ஒன்று நடந்தால் பிள்ளையை வேறு கல்லூரிக்கு மாற்ற முடியுமா, மாற்றினால் நம் மருத்துவச் சபை ஏற்குமா என்று போக முன்னரே கேளுங்கள்.

முகவர் காட்டும் பிள்ளையோடு மட்டும் பேசாதீர்கள், அண்ணா. நான்காம் ஐந்தாம் ஆண்டில் இருக்கும் இலங்கைப் பிள்ளைகளை நாமே தேடிப் பிடிப்போம். வாரத்தில் எத்தனை நாள் வார்டுக்குப் போகிறாய், நோயாளியை நீயே பரிசோதிக்கிறாயா, பிரேதப் பரிசோதனைக் கூடம் பார்த்தாயா, உங்கள் கல்லூரியில் படித்து இலங்கையில் பதிவானவர் யார், அவரோடு பேசலாமா. இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் வந்தால் நல்ல சகுனம்.

அப்புறம், பிள்ளையிடம் தனியாகக் கேட்டீர்களா? அவளுக்கு வைத்தியராகத்தான் ஆசையா, அல்லது உங்களுக்கு ஏமாற்றமாகிவிடும் என்று பேசாமல் இருக்கிறாளா? பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை உயர்தரம் எழுதலாம், அவள் எழுதியது ஒன்றுதான். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் தாதியியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் எல்லாம் இருக்கின்றன. சித்த மருத்துவத்துக்கு கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நம் கோணேசபுரி வளாகமே இருக்கிறது, காணி ஈடு வைக்காமல். இவை எதுவும் தோற்றவர்கள் போகும் இடமில்லை. ஆய்வுகூட ஆள் இல்லாவிட்டால் டெங்கு வார்டில் என்னால் ஒரு முடிவும் எடுக்க முடியாது.

அதற்குப் பிறகும் அவள் "போகத்தான் வேண்டும்" என்றால், நான் முழு மனதோடு துணை நிற்பேன். முற்பணம் ஒன்றும் கட்டிவிடாதீர்கள். சனிக்கிழமை பின்னேரம் எனக்குக் கடமை இல்லை. பெறுபேற்றுச் சான்றிதழ், முகவர் தந்த அத்தனை தாள்கள், வங்கிக் கடன் விபரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உப்புவெளிக்கு வாருங்கள். அண்ணியையும் பிள்ளையையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். மருத்துவச் சபைக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை அன்றைக்கே எழுதிவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி
உப்புவெளி, திருகோணமலை