திடப்படுத்தல் வகுப்பில் ஜெபிக்கவும் கற்றுக்கொடுங்கள்

குமரி மாவட்டச் சபைகளின் போதகர்களுக்கும், முதல் திருவிருந்துக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும் கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துகள்.

பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம் எல்லாவற்றையும் நம் பிள்ளைகள் தடுமாறாமல் சொல்கிறார்கள். அதற்காக நீங்கள் படும் பாடு தெரியும்; நன்றியோடுதான் எழுதுகிறேன். ஆனால் முதல் திருவிருந்து எடுத்த பிள்ளையிடம், "தனியா இருக்கும்போது ஆண்டவரிடம் என்ன பேசுவாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தலையைக் குனிந்துகொள்ளும். அதை நாம் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

கொஞ்ச வருடத்தில் அந்தப் பிள்ளை நர்சிங் படிக்கவோ வேலைக்கோ பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விடும். அங்கே குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட அம்மா இருக்கமாட்டார். அப்போது கைகொடுப்பது, ஆண்டவரோடு தானே பேசிப் பழகிய பழக்கம் மட்டும்தான்.

நம் மாவட்டத்தில் விசுவாசம் வேர்விட்டதே அப்படித்தான். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர். மனதுக்கு அமைதி கிடைக்காமல் தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்ற பெயரோடு திரும்பினார். மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் வந்தது அதற்குப் பிறகுதான். நட்டாலம் நீலகண்டபிள்ளை துக்கத்தில் இருந்தபோது, திருவிதாங்கூர்ப் படைத்தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். நீலகண்டபிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமானார். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இருவருக்கும் விசுவாசம் பரம்பரைச் சொத்தாக வரவில்லை. தேடினார்கள், கண்டடைந்தார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஜெபம் என்றால் ஸ்தோத்திரமும் விண்ணப்பமும் மட்டும்தான் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள்: 13-ஆம் சங்கீதம், எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர் என்று ஆண்டவரையே கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. 2017 ஓகிப் புயலில் மகனைக் கடலுக்குக் கொடுத்த தூத்தூர் பக்கத்துத் தாய்க்கு மனப்பாட வசனத்தைவிட இந்தச் சங்கீதங்கள்தான் பேசும். அழுகையும் கோபமும்கூட ஆண்டவர் முன்னால் வைக்கலாம் என்று பதினைந்து வயதிலேயே தெரிந்திருந்தால், துன்பம் வரும்போது பிள்ளைகள் அவரைவிட்டு ஓடமாட்டார்கள்.

தனிப்பட்ட உறவு என்று சொன்னால் சபை வேண்டாம் என்று ஆகிவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். இயேசு அதிகாலையில் வனாந்தரத்துக்குப் போய்த் தனியே ஜெபித்தார். அப்புறம் அடுத்த ஊருக்கு, ஜனங்களிடம்தான் போனார். அறைக்குள் ஆண்டவரோடு பேசியவர் வெளியே வந்து பக்கத்து வீட்டுக்காரனோடு பேசாமல் இருந்தால், அந்த ஜெபத்தில்தான் கோளாறு.

ஆகவே அடுத்த வகுப்பில் முதல் பத்து நிமிடம் சும்மா உட்கார விடுங்கள். ஒரு சங்கீதத்தில் நாலு வசனம், பிறகு மௌனம். அதற்குப் பரீட்சையோ மார்க்கோ வேண்டாம். சபையில் உள்ள வயதான அம்மா ஒருவரை அழைத்து, தான் எப்படி ஜெபிக்கிறார், பதிலே வராத நாட்களில் என்ன செய்தார் என்று சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் சொல்லுங்கள், போதகர் ஐயா. உங்கள் ஜெப வாழ்க்கையில் வறண்ட நாட்கள் உண்டு என்று பிள்ளைகள் உங்கள் வாயாலேயே கேட்கட்டும்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து ஒரு சபை அங்கத்தினர்