போரா போட்ட கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

புது ஃபுட்பால் டீம், கையில் பத்தே வாரம், பாதிப் பிள்ளைகளுக்கு உன் பாஷை புரியாது என்று எழுதியிருந்தாய். இதே நிலைமையைத் தொழிலாகவே வைத்துக்கொண்டவர் ஒருவர் உண்டு. செர்பியாக்கார ஃபுட்பால் கோச் போரா மிலுட்டினோவிச். பெல்கிரேடின் பார்ட்டிசான் கிளப்பில் ஆடி, ஸ்விட்சர்லாந்து போய், மொனாக்கோ, நீஸ், ரூவான் என்று சுற்றி, 1972இல் மெக்சிகோவின் பூமாஸ் கிளப்பில் வந்து நின்றார். கோச்சான பிறகு ஐந்து உலகக் கோப்பைகளில் ஐந்து நாடுகள்: 1986 மெக்சிகோ, 1990 கோஸ்டா ரிக்கா, 1994 அமெரிக்கா, 1998 நைஜீரியா, 2002 சீனா. இதில் முதல் நாலும் முதல் சுற்றைத் தாண்டின.

நாடோடி என்பார்கள். ஆனால் கோச்சாக அவர் கை பழகியது, தான் ஆடிய பூமாஸிலேயே, 1977 முதல் ஆறு வருஷம். 1986 உலகக் கோப்பையில் மெக்சிகோவுக்காக, பல்கேரியாவுக்கு எதிராக அந்தரத்தில் கோல் அடித்த நெக்ரேத்தே அங்கே அவரிடம் ஆடியவர்தான். வருஷக்கணக்கில் பழக்கும் அந்த வசதி உனக்குக் கிடையாது. அதனால் நீ பார்க்க வேண்டியது 1990.

கோஸ்டா ரிக்காவை அவர் ஏற்றபோது போட்டிக்குச் சில மாதங்களே பாக்கி. எதிரே ஸ்காட்லாந்து, பிரேசில், ஸ்வீடன். அப்போது ஜெயித்தால் 2 புள்ளி. ஆறு குரூப்பில் மூன்றாம் இடம் வரும் ஆறு அணிகளில் நாலு மேலே போகும். அதாவது ஒரு வெற்றி, மற்றதில் கோலை வாரிக் கொடுக்காமல் இருந்தாலே வாய்ப்பு உண்டு. முதல் மேட்சில், ஸ்காட்லாந்துக்கு எதிராக, ஹாரா குதிகாலால் தட்டிவிட, கயாஸ்ஸோ அடித்தார், 1-0. பிரேசிலிடம் 0-1 தோல்வி, ஆனால் ஒரே கோல். மேட்ச் நடந்தது யுவெண்டஸ் கிளப்பின் ஊரான டூரினில், இவர்கள் இறங்கியதோ அந்த கிளப்பைப் போலவே கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஜெர்சியில்! ஸ்வீடன் முன்னிலை எடுத்த பிறகு மெட்ஃபோர்டை மாற்று ஆட்டக்காரராக இறக்கினார். 75ஆவது நிமிஷம் ஃப்ளோரஸ் தலையால் முட்டி சமன் செய்தார், 87இல் மெட்ஃபோர்டே ஓடிப்போய் முடித்தார், 2-1. வேகமான ஒரு ஆளைக் கடைசி அரைமணிக்கு மிச்சம் வை. முதல் நிமிஷத்திலேயே செலவழித்துவிடாதே.

அடுத்த சுற்றில் விழுந்ததையும் பார். செக்கோஸ்லோவாக்கியாவிடம் 4-1. ஸ்குராவி மூன்று கோல், மூன்றும் ஹெடர். அதுவரை காப்பாற்றிய கோல்கீப்பர் கொனேஹோவுக்குக் காயம், இரண்டாம் கீப்பர் நின்றார். கீப்பர் மாறினால், ஓரத்திலிருந்து கோல் முன்னே தூக்கி அடிக்கும் கிராஸ் பந்துக்கு யார் வெளியே வருவது, யார் குரல் கொடுப்பது என்பதெல்லாம் மாறிவிடும். வாரம் ஒரு முழு பயிற்சி மேட்சில் உன் இரண்டாவது கீப்பரை முதல் டிஃபென்ஸோடு நிறுத்து. தினம் இருபது கிராஸ், பாதி கார்னரிலிருந்து, பாதி ஓட்டத்தில். கூப்பிட இரண்டே சொல் போதும், ‘என்னோடது’, ‘அடி’. எந்த பாஷையில் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். உயரமான ஸ்ட்ரைக்கரைப் பிடித்து நிற்பதைவிட, ஓரத்தில் கிராஸ் கிளம்பும் இடத்தையே அடைப்பது லேசு.

1994இல் வேறு பாடம். இரண்டாம் சுற்றில் பிரேசிலின் லியோனார்டோ 43ஆவது நிமிஷம் அமெரிக்காவின் ராமோஸை முழங்கையால் இடித்து ரெட் கார்டு வாங்கினார். ராமோஸ் ஆஸ்பத்திரிக்கு, ஹார்க்ஸ் ஏற்கெனவே தடையில். பந்தைப் பிடித்து ஆடும் இருவருமே இல்லை. ஒரு ஆள் கூடுதலாக இருந்தும் அமெரிக்கா தயங்கியே நின்றது, 72இல் பிரேசிலின் பெபெட்டோ அடித்தார். எனக்கு அதில் போராமேல் குறைதான். தற்காப்புக்கே பழக்கிய டீமுக்குத் திடீரென்று இடம் கிடைத்தால் என்ன செய்வதென்று தெரியாது. அதைத் தனியாகப் பழக்கு: மைதானத்தின் முழு அகலம், பாதி நீளம், எட்டுக்கு ஏழு பேர், எட்டு நிமிஷம் வீதம் மூணு ரவுண்டு. ஒரே ஓரத்தில் மூணு பாஸுக்கு மேல் கூடாது, பந்து எதிர்ப்பக்கம் போயே ஆக வேண்டும்.

சீனாவோடு இந்த வித்தை செல்லவில்லை. மூணு தோல்வி, ஒன்பது கோல் வாங்கி ஒன்றுகூட அடிக்கவில்லை. முதல் தோல்வி கோஸ்டா ரிக்காவிடம், அதன் கோச் கிமராயிஸ் 1990இல் போராவிடம் ஆடியவர்! கோல் அடிக்க ஆள் இல்லாவிட்டால் கணக்கு போட்டும் பிரயோஜனமில்லை. முதல் வாரத்திலேயே உன்னிடம் அடிக்கிற கால் எத்தனை என்று எண்ணிவிடு.

உன் குரூப்பில் எத்தனை அணி, எத்தனை பேர் மேலே போவார்கள், சமன் ஆனால் கோல் வித்தியாசமா நேருக்கு நேர் முடிவா, இது மூன்றையும் விதிப் புத்தகத்தில் பார்த்து எழுது. முதல் மேட்ச் யாரோடு என்பதையும்.

அன்புடன்,
அப்பா