பாதி ஈரத்தில் நின்றுவிடும் துணி உலர்த்தி: ஆளை அழைக்கும் முன் பார்க்க வேண்டியவை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் துணி காயப்போடும் மூங்கில் கழியை வெளியே நீட்ட வழியில்லை. துணி உலர்த்தியை நம்பித்தான் பல குடும்பங்கள் அந்த வாரங்களைக் கடத்துகின்றன. அப்போதுதான் இந்தப் புகாரும் அடிக்கடி காதில் விழுகிறது: “மெஷின் முடிந்துவிட்டது என்று சத்தம் கொடுக்கிறது, துணியைத் தொட்டால் இன்னும் ஈரம்.” உடனே பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுகிறார்கள், அல்லது கடைக்குப் போய்ப் புதியதை வாங்கிவிடுகிறார்கள். இப்படி நிற்கும் இயந்திரங்களில் பலவற்றுக்கு ஒரு பாகத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. வருகைக் கட்டணம் கொடுக்கும் முன் வீட்டிலேயே எதைப் பார்க்கலாம், எதில் கைவைக்கக் கூடாது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். தானியங்கி முறையை விட்டுவிட்டு, நேரத்தை நாமே வைக்கும் முறையில் 60 நிமிடம் ஓட்டுங்கள். நடுத்தர அளவு துணி போதும். அதில் துணி சூடாகி நன்றாகக் காய்ந்துவந்தால் சூடும் காற்றோட்டமும் சரியாக இருக்கின்றன. ஈரத்தை அளக்கும் பக்கத்தில்தான் கோளாறு. குறைந்த சூட்டில் உலர்த்தும் ஹீட் பம்ப் வகை மெதுவாக வேலை செய்யும் என்பதால் அதற்கு 120 நிமிடம் கொடுங்கள். எந்த வகையானாலும் இந்தச் சோதனையில் ஈரம் போகவில்லை என்றால் காற்று தடைபடுகிறது, அல்லது சூடே வரவில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால் தேடும் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

ஈரத்தை அளப்பது எப்படி என்று தெரிந்தால் கோளாறு எங்கிருந்து வருகிறது என்பதும் விளங்கிவிடும். இப்போது விற்கும் உலர்த்திகளில் பெரும்பாலானவை கடிகாரத்தைப் பார்த்து நிற்பவை அல்ல. கதவைத் திறந்து உருளையின் வாய்ப்பகுதியில், பஞ்சு வடிகட்டிக்கு அருகே பாருங்கள். சிறு இடைவெளி விட்டு இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத் துணி இரண்டையும் ஒருசேரத் தொடும்போது மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். துணி காயக் காய அது குறையும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் இயந்திரம் சூட்டை நிறுத்திக் குளிர்விக்கும் கட்டத்துக்குப் போய்விடும். சில மாடல்களில் தனிப் பட்டை இல்லாமல் உருளையும் அதன் உட்புறத் துடுப்புகளும் இந்த வேலையைச் செய்கின்றன. திரையில் தெரியும் மீதி நேரம் வெறும் மதிப்பீடுதான். ஈரத் துணி உள்ளே இருக்கும்போதே 2 மணி நேரம் என்று காட்டியது திடீரென்று 10 நிமிடமாக இறங்கினால், அளவீடு ஏமாந்துவிட்டது என்று பொருள்.

ஏமாற்றுவது பெரும்பாலும் வாசனைதான். துணியை மென்மையாக்கும் திரவமும் உலர்த்திக்குள் போடும் வாசனைத் தாளும் மெழுகு போன்ற படலத்தை அந்தப் பட்டைகள்மேல் படியவிடுகின்றன. பார்த்தால் பளபளவென்று சுத்தமாகத்தான் தெரியும். விரலை வைத்துத் தேய்த்தால் வழுக்கும். படலம் மின்னோட்டத்தைத் தடுப்பதால், ஈரத் துணி பட்டாலும் காய்ந்த துணி என்றே இயந்திரம் கணக்குப் போடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உருளை ஆறிய பிறகு, மென்மையான துணியில் வெள்ளை வினிகரையோ மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டையோ நனைத்துப் பட்டைகளை அழுத்தித் துடைக்கவும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து உலரவிடவும். ஸ்பிரிட் தீப்பற்றக்கூடியது, அதன் வாடை முழுவதும் போகும்வரை இயந்திரத்தை இயக்கக் கூடாது. கம்பி நாரும் உப்புத்தாளும் வேண்டாம், கீறல் விழுந்தால் அழுக்கு இன்னும் சீக்கிரம் ஒட்டும். வாசனைத் தாள் வழக்கமாகப் பயன்படுத்தும் வீடுகளில் மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது. தாளையே விட்டுவிட்டால் இன்னும் நல்லது என்பது என் கருத்து.

பட்டைகள் சுத்தமாக இருந்தும் நின்றுவிடுகிறதா? அப்படியானால் உள்ளே என்ன போட்டோம் என்று பார்க்க வேண்டும். இரண்டு சட்டையும் ஒரு துண்டும் மட்டும் போட்டால் அவை பட்டைகளை எப்போதாவதுதான் தொடும். தொடாத நேரமெல்லாம் காய்ந்ததாகவே கணக்கு. குறைந்த துணிக்கு நேரம் வைக்கும் முறையே சரி. இல்லாவிட்டால் இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் போடலாம். மெல்லிய பள்ளிச் சீருடையும் ஜீன்ஸும் ஒன்றாகப் போனால் மெல்லியது முதலில் காய்ந்து பட்டைகளின்மேல் விழுந்துகொண்டே இருக்கும். ஜீன்ஸின் இடுப்புப் பட்டையும் பாக்கெட்டும் ஈரமாகவே வெளியே வரும். கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையிலிருந்து வார இறுதியில் வரும் பச்சைச் சீருடைக்கும் இதே கதிதான். தடிப்பான துணி தனியாக, மெல்லியது தனியாகப் போக வேண்டும்.

நம் வீடுகளில் இதைவிடப் பெரிய சிக்கல் நீளத் துணிகள். பருத்திப் புடவை, எட்டு முழ வேட்டி, இரட்டைக் கட்டிலுக்கான விரிப்பு ஆகியவை உருளையில் ஒரே பக்கமாகச் சுழலச் சுழல, காலுறைகளையும் தலையணை உறைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டு கொழுக்கட்டையாக உருண்டுவிடும். மேல்பக்கம் மொறுமொறுவென்று காய்ந்து சூடாக இருக்கும். பிரித்துப் பார்த்தால் நடுவில் இருக்கும் காலுறை துவைத்தபோது இருந்த அதே ஈரத்தோடு சில்லென்று இருக்கும். இயந்திரத்துக்கு எட்டுவது மேல்பக்கம் மட்டுமே, ஆகவே அது நின்றுவிடுகிறது. விரிப்பையோ புடவையையோ ஒன்று, மிஞ்சினால் இரண்டு மட்டும் தனியாகப் போடுங்கள். பாதி நேரத்தில் நிறுத்தி, உதறிப் பிரித்து மறுபடி போடுங்கள். உருளை இருபுறமும் மாறிச் சுழலும் மாடலாக இருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தோம் என்பதையும் பார்க்கத் தவறாதீர்கள். ‘இஸ்திரிக்கு’ என்ற நிலை துணியை வேண்டுமென்றே சற்று ஈரமாக விடும், அது பழுது அல்ல. மடித்து வைக்க ‘அலமாரிக்கு’ என்ற நிலையும் தடித்த துண்டுகளுக்கு ‘கூடுதல் உலர்வு’ நிலையும் வேண்டும். பல மாடல்களில் உலர்வின் அளவையே நிரந்தரமாக ஒன்றிரண்டு படி கூட்டி வைக்க வழி உண்டு; கையேட்டில் இருக்கும். இன்னொன்று, சூடாக வெளியே வரும் துணி கைக்கு ஈரம் போலவே படும். உதறி 5 நிமிடம் ஆறவிட்டுப் பிறகு தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சலவை இயந்திரம் எவ்வளவு பிழிந்து கொடுக்கிறது என்பதில் பலர் கவனம் வைப்பதில்லை. 7 கிலோ பருத்தித் துணியை நிமிடத்துக்கு 800 சுற்றில் பிழிந்தால் துணியின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு தண்ணீர், அதாவது 5 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, துணியிலேயே தங்கிவிடும். 1,400 சுற்றில் பிழிந்தால் அது துணியின் எடையில் ஏறத்தாழ 50 விழுக்காடாக, சுமார் 3.5 லிட்டராகக் குறையும். குறைந்த வேகத்தில் பிழிந்தால் கூடுதலாகத் தங்கும் அந்த ஒன்றரை லிட்டர் அளவு தண்ணீரை மின்சாரம் செலவழித்து ஆவியாக்க வேண்டும். பல உலர்த்திகளில் அதிகபட்ச நேரம் என்று ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டினால் துணி எப்படி இருந்தாலும் நின்றுவிடும். துணி தாங்குமென்றால் பிழியும் வேகத்தைக் கூட்டுங்கள்.

இனி காற்றோட்டம். பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பஞ்சை வழித்தெடுத்தால் மட்டும் போதாது. வடிகட்டியைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். வலை வழியே தண்ணீர் சட்டென்று இறங்க வேண்டும். தேங்கி நின்றால் அதே மென்மையூட்டிப் படலம் வலையின் கண்களை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவி, முழுவதும் காய்ந்த பிறகே திரும்பப் பொருத்த வேண்டும். இரட்டை வலை இருந்தால் இரண்டையும் விரித்துக் கழுவுங்கள். ஹீட் பம்ப் வகை பலவற்றில் கீழே ஒரு சிறு கதவுக்குப் பின்னால் ஸ்பாஞ்ச் வடிகட்டி ஒன்று உண்டு. அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டும் வீடுகள் இருக்கின்றன. ஈரக்காற்றைக் குளிரவைத்துத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கும் கண்டன்சர் வகையில், அப்படிக் குளிரவைக்கும் வெப்பமாற்றிப் பெட்டி கையோடு வெளியே வரும். மாதம் ஒருமுறை ஷவரின் கீழ்க் காட்டிக் கழுவலாம். ஹீட் பம்பில் அது நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் அலுமினியத் தகடுகள் கையை அறுக்கும், எளிதில் வளையும். மென்மையான பிரஷால் மேலிருந்து கீழாக மட்டும் நீவுங்கள்.

குழாய் வழியே காற்றை வெளியேற்றும் வகையாக இருந்தால் அந்தக் குழாய் மடிந்தோ சுவரில் நசுங்கியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எவ்வளவுக்கு எவ்வளவு குட்டையாகவும் நேராகவும் இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. மழைக்குப் பயந்து சமையலறைக் கதவையும் சலவைப் பகுதியின் ஜன்னலையும் சாத்திவிட்டு ஓட்டினால், வெளியேறிய ஈரக்காற்றையே இயந்திரம் திரும்ப இழுக்கும். கண்டன்சர், ஹீட் பம்ப் வகைகளுக்கும் மூடிய அறை ஆகாது. அறைச் சூடு 35 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. கதவடைத்த சிறு சலவைப் பகுதி அந்த அளவை எளிதில் எட்டிவிடும்.

நடுவிலேயே நின்று தண்ணீர்த் தொட்டி விளக்கு எரிந்தால் தொட்டியைக் காலி செய்யுங்கள். காலியான தொட்டியை வைத்த பிறகும் அதே விளக்கு எரிந்தால், தொட்டிக்குத் தண்ணீரை ஏற்றும் சிறு பம்பிலோ அடியில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் மிதவையிலோ பஞ்சு சிக்கியிருக்கலாம்.

துவைப்பதும் உலர்த்துவதும் ஒன்றாக உள்ள இயந்திரங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இடமில்லாத வீடுகளில் இவையே அதிகம் வாங்கப்படுகின்றன. முன்பக்கத்தில் பெரிதாக 8 கிலோ என்று எழுதியிருப்பது துவைக்கும் அளவு. உலர்த்தும் அளவு 5 கிலோவாக இருக்கலாம், அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட மாடலில் 8 கிலோ துவைத்து அப்படியே உலரவிட்டால் காயாது. உலர்த்தும் அளவு 5 கிலோ என்றால் 3 கிலோவையாவது வெளியே எடுத்தே ஆக வேண்டும். இன்னொன்று, இவற்றில் பல, நீராவியைக் குளிரவைக்கக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துகின்றன. துவைத்து முடிந்ததும் குழாயைத் திருகி மூடும் பழக்கம் உள்ள வீட்டில் நீராவி குளிர வழியின்றி உள்ளேயே சுற்றும். மணிக்கணக்கில் ஓடியும் ஈரம் போகாததற்கு அந்தத் திருகு மட்டுமே காரணமாக இருப்பதுண்டு. உலர்த்தி முடியும்வரை குழாய் திறந்தே இருக்கட்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் தீரவில்லை என்றால் பாகங்கள் பக்கம் போகலாம். உருளை சுழல்கிறது, ஆனால் சூடே இல்லை என்றால் சூடேற்றும் கம்பியோ அளவுக்கு மீறிய சூட்டில் இணைப்பைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸோ போயிருக்கலாம். அந்த ஃபியூஸ் சும்மா போவதில்லை; பெரும்பாலும் பஞ்சடைத்துக் காற்று தடைபட்டதால் போகிறது. அடைப்பை நீக்காமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் போகும். அதைத் தாண்டி ஒயரை நேராக இணைத்து ஓட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அனுமதிக்காதீர்கள். பஞ்சுக்கும் நெருப்புக்கும் நடுவில் நிற்கும் கடைசித் தடுப்பு அதுதான். நடுவில் நின்று, அரைமணி நேரம் ஆறிய பிறகு மறுபடி ஓடினால் மோட்டார் சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. அதிகத் துணி, மோட்டாரைச் சுற்றி அடைந்த பஞ்சு, மோட்டார் சுழல உதவும் கப்பாசிட்டர் வலுவிழந்தது ஆகியவை அதற்குக் காரணமாகலாம். பின்பலகையைத் திறக்கும் வேலையெல்லாம் பயிற்சி பெற்றவருடையது. சூடேற்றும் கம்பியுள்ள 2,500 வாட்ஸ் உலர்த்தி 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 11 ஆம்பியர் இழுக்கும் என்பதால், சலவை இயந்திரத்தோடு சேர்த்து ஒரே நீட்டிப்புப் பலகையில் அதைச் செருகவே கூடாது.

எண்ணெய்க் குளியல் பழக்கமுள்ள வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. நல்லெண்ணெய் படிந்த துண்டுகளும் சமையலறைத் துணிகளும் ஒருமுறை துவைத்தாலும் எண்ணெய் முழுவதும் போவதில்லை. உலர்த்தியில் சூடேறி, குவியலாகக் கிடக்கும்போது அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானாகவே சூட்டைக் கிளப்பும், தீப்பிடிக்கவும் கூடும். தீபாவளித் துண்டுகளைக் கொடியிலேயே காயப்போடுங்கள். எந்தத் துணியானாலும் குளிர்விக்கும் கட்டம் முடியும் முன் நிறுத்திச் சூட்டோடு உள்ளே விட்டுவிடாதீர்கள்.

வாங்கிச் சில மாதங்களே ஆன இயந்திரம் என்றால், குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்புத் தரும் ‘லெமன்’ சட்டம் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருப்பது நினைவிருக்கட்டும். ஒப்படைத்த 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, மாறாக நிரூபிக்கப்படாதவரை, வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். பழுதுபார்த்தோ மாற்றியோ தரும்படி முதலில் கடையிடம் கேளுங்கள்.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். உலர்த்தும் அளவைத் துவைக்கும் அளவுக்குச் சமமான எழுத்தில் போடுங்கள். வீட்டில் இயந்திரத்தை ஓட்டுபவர் பாட்டியாகவோ இல்லப் பணிப்பெண்ணாகவோ இருக்கிறார். தடித்த ஆங்கிலக் கையேடு அவர் கைக்குப் போவதில்லை. வடிகட்டிகள் எத்தனை, வெப்பமாற்றி எங்கே, ஈரமறியும் பட்டைகள் எவை என்று படம் போட்ட ஓர் ஒட்டுத்தாளை இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி, பொருத்த வரும் ஊழியர் அவற்றை அவரிடமே ஒருமுறை கழற்றிக் காட்டும்படி செய்யுங்கள்.

இப்படிக்கு,
வீட்டு மின்சாதனப் பழுதுபார்ப்புத் துறையைச் சேர்ந்த வாசகர்,
ஈசூன்