பாச்சோலிக்கு முன்னாடியும் கணக்கு இருந்துச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த கணக்குப்பதிவு வரலாறு கட்டுரைய படிச்சேன். இந்த மாதிரி விஷயத்துக்கு நாலு பக்கம் ஒதுக்குறதே பெரிய விஷயம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா நடுவுல கட்டம் கட்டி "இரட்டைப் பதிவு முறையைக் கண்டுபிடித்தவர் லூக்கா பாச்சோலி, 1494"ன்னு போட்டிருந்தீங்களே, அதைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல. (ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் ஒரு கணக்குல டெபிட்டாவும், அதாவது பற்றாவும், இன்னொரு கணக்குல கிரெடிட்டாவும், அதாவது வரவாவும், ரெண்டு இடத்துல எழுதுறதுதான் இரட்டைப் பதிவு.) காமர்ஸ் பாடப்புத்தகங்கள்ல முதல் பாடத்துலயே இந்த மாதிரிதான் போட்டுடுறாங்க, அப்புறம் ஒரு மார்க் கேள்வியா வந்து வந்து மண்டையில ஏறிடுது, அதனால கட்டுரையாளர ரொம்ப குறை சொல்ல மாட்டேன். ஆனா இந்தத் துறையில ஆராய்ச்சி பண்றவங்க இத எப்பவோ தாண்டிப் போயிட்டாங்க.

பாச்சோலி இத்தாலியைச் சேர்ந்த ஒரு பிரான்சிஸ்கன் துறவி, கணித ஆசிரியர். 1494ல வெனிஸ்ல அச்சான அவரோட பெரிய கணித நூல்ல வியாபாரக் கணக்கு எழுதுறது ஒரு பகுதிதான், அதுலயும் வெனிஸ்ல நடைமுறையில இருக்குற முறையத்தான் சொல்றேன்னு அவரே சொல்லியிருக்காரு. நான் கண்டுபிடிச்சேன்னு அந்த மனுஷன் எங்கயும் மார் தட்டிக்கல, நம்மதான் பட்டம் கட்டி விட்டுட்டோம். அவருக்கு முன்னாடி 1458லயே பெனெடெட்டோ கொட்ருல்யின்னு ஒரு வியாபாரி, வியாபாரத்தப் பத்தி எழுதின நூல்ல கணக்குக்குன்னு ஒரு அத்தியாயம் வெச்சிருந்தாரு, பாவம் அது அச்சுக்கு வந்தது 1573லதான், அதுக்குள்ள பேரு பாச்சோலிக்குப் போயிடுச்சு.

சரி, அப்போ எது பழசுன்னு கேப்பீங்க. ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பேசுறது ஃபரோல்ஃபி கம்பெனியோட லெட்ஜர், அதாவது பேரேடு, 1299-1300. ஃப்ளாரன்ஸ் வியாபாரிங்க தெற்கு பிரான்ஸ்ல சலோன்ங்கற ஊர்ல கிளை வெச்சு நடத்துன கணக்கு, அமாத்தினோ மனுச்சின்னு ஒருத்தர் எழுதினது. முழுசா கூட இல்ல, கொஞ்சம் ஏடுகள்தான் மிச்சம். 1977ல ஜெஃப்ரி லீங்கற ஆய்வாளர் இத வரி வரியா அலசி எழுதினாரு. இது இரட்டைப் பதிவுதான்னு எப்படி சொல்றாங்கன்னா, ஒரு பக்கத்துல ஒரு டெபிட் இருந்தா அதோட ஜோடி கிரெடிட் எந்தக் கணக்குல எந்தப் பக்கத்துல இருக்குன்னு அங்கயே குறிச்சிருக்கு, ஏடு தொலைஞ்சு போயிருந்தாலும் அந்தக் குறிப்ப வெச்சு காணாமப் போன பக்கத்துல என்ன இருந்திருக்கும்னு ஓரளவு சொல்லிடலாம். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது ஒரு சின்ன பதிவு. கடைக்கு நாலு வருஷ வாடகைய 16 லிவர் (அந்தக் காலத்து பிரெஞ்சுப் பணம்) முன்கூட்டியே கட்டியிருக்காங்க. முதல் வருஷ முடிவுல 4 லிவர மட்டும் செலவுல எழுதிட்டு மிச்சம் 12 லிவர அடுத்த வருஷங்களுக்குன்னு தள்ளி வெச்சிருக்காங்க. இன்னிக்கு நாம ப்ரீபெய்ட் ரென்ட்னு பேலன்ஸ் ஷீட்ல சொத்துப் பக்கம் காட்டுறோமே, அதேதான்! பாச்சோலி பொறக்குறதுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னாடி.

நான் சொல்ல வர்றது யாரு முதல்லங்கற சண்டை இல்ல. புத்தகத்துல "இப்படி எழுதணும்"னு சொன்னது வேற, கடையில உக்காந்து நிஜமா எழுதினது வேற. உங்க கட்டுரை முழுக்க முதல் வகைய வெச்சே நகருது.

இதுக்கு நல்ல உதாரணம் அந்த முதலாளித்துவம் பத்தின பத்தி. இரட்டைப் பதிவு இல்லன்னா முதலாளித்துவமே வந்திருக்காதுங்கற மாதிரி கட்டுரையாளர் எழுதிட்டாரு, அது ஜெர்மன் அறிஞர் வெர்னர் சோம்பார்ட் இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல வெச்ச வாதம், கேக்க கம்பீரமா இருக்கும். ஆனா 1949லயே பேசில் யேமின்னு ஒரு பொருளாதார அறிஞர் இத எடுத்துப் போட்டு உடைச்சாரு. பழைய வியாபாரிகளோட நிஜ பேரேடுகளப் பாத்தா நிறைய பேரு வருஷா வருஷம் லாப நஷ்டம் பாக்கவே இல்ல, பேரேடு நிரம்பி புதுசு ஆரம்பிக்கும்போதுதான் கணக்க முடிச்சு பாக்கிய எடுத்துட்டுப் போயிருக்காங்க, பேலன்ஸ் டேலி ஆகலன்னா வித்தியாசத்த அப்படியே தள்ளிவிட்டவங்களும் உண்டு. அடுத்த சரக்க எங்க வாங்கணும்ங்கற முடிவுக்கு போன வருஷ லாபக் கணக்கு பெருசா தேவையும் படல. யாரு எனக்கு எவ்வளவு தரணும், நான் யாருக்கு எவ்வளவு தரணும், கூட்டாளி பங்கு எவ்வளவு, இதுக்குத்தான் லெட்ஜர் உதவுச்சு. யேமி சொன்ன எல்லாத்தையும் எல்லாரும் ஒத்துக்கல, விவாதம் நீளமா ஓடுச்சு, ஆனா சோம்பார்ட்ட மட்டும் சொல்லிட்டு இவர விட்டுடறது ஒரு கட்சி வக்கீல மட்டும் பேச விட்ட மாதிரி இருக்கு.

இந்திய வியாபாரிகளோட பாரம்பரியக் கணக்கு முறையான பஹி கட்டாதான் இத்தாலிக்கே முன்னோடின்னு கட்டுரையில ஒரு வரி வருது. 1986ல லால் நிகம்ங்கறவர் ஒரு ஆய்விதழ்ல அப்படி எழுதினது உண்மை, உடனே அடுத்த வருஷமே கிறிஸ்டோபர் நோப்ஸ் மறுப்பு எழுதினாரு, அவ்வளவு பழைய கணக்கு ஏடு கையில இருக்கா, ஆதாரம் எங்கன்னு. நமக்குப் பெருமையா இருக்கும்ங்கறதுக்காக இத விதிவிலக்கா விட முடியாது. அர்த்தசாஸ்திரத்துல கணக்கு அலுவலகத்துக்குத் தனி அத்தியாயமே இருக்கு, அரசாங்கப் பணத்த அமுக்க நாப்பது வழின்னு ஒரு பட்டியலும் இருக்கு (இன்னிக்கு ஆடிட் பண்றவங்க படிச்சா சிரிப்பாங்க, அப்புறம் தலையாட்டுவாங்க), ஆனா அதுவும் விதி சொல்ற நூல்தான், எழுதின பேரேடு இல்ல.

எது மிஞ்சுச்சோ அத வெச்சுத்தான் வரலாறு, இதையும் கட்டுரை தொடவே இல்ல. இத்தாலியில ப்ராடோ ஊர் வியாபாரி ஃப்ரான்செஸ்கோ டாட்டினி 1410ல செத்தப்போ சொத்த ஏழைகளுக்கான அறக்கட்டளைக்கு எழுதி வெச்சாரு, அதனாலதான் அவரோட ஐநூறுக்கு மேல கணக்குப் புத்தகங்களும் ஒன்றரை லட்சம் கடிதங்களும் சிதறாம ஒரே இடத்துல கெடந்து பத்தொம்பதாம் நூற்றாண்டுல கிடைச்சுது. அதே காலத்துல வியாபாரம் பண்ண எத்தனையோ பேரோட கணக்கு மண்ணாப் போச்சு. இன்னிக்கு இராக்ல இருக்குற பழைய உருக் நகரத்துக் களிமண் பலகைகள், ஏறக்குறைய கி.மு. 3200, மிகப் பெரும்பாலானது பார்லி, ஆடு, பீர், கூலிப் படின்னு கணக்குதான், களிமண்ணா இருந்ததால தப்பிச்சுது. இங்கிலாந்துல கணக்கு வெட்டி வெச்ச பழைய மரக்குச்சிகள 1834ல அடுப்புல போட்டு எரிக்கப் போயி பார்லிமென்ட் கட்டடமே எரிஞ்சு போச்சு.

கடைசியா ஒண்ணு, என்னப் பொறுத்தவரை இதுதான் பெரிய குறை. கணக்கு நாகரிகத்தோட அடையாளம்னு கட்டுரை முடியுது. அமெரிக்கத் தெற்கு மாநிலங்கள்ல 1840கள்ல இருந்து தாமஸ் அஃப்ளெக்ங்கறவர் பருத்தித் தோட்டக்காரங்களுக்குன்னு அச்சடிச்ச கணக்குப் புத்தகம் வித்தாரு. அதுல ஒரு படிவம், ஒவ்வொரு அடிமையோட பேரு, வயசு, வருஷ ஆரம்பத்துல என்ன மதிப்பு, வருஷ முடிவுல என்ன மதிப்பு. பையன் வளந்தா மதிப்பு ஏறும், வயசானா, நோயில விழுந்தா இறங்கும், செத்தா நஷ்டம். இன்னொரு பக்கத்துல யாரு அன்னிக்கு எவ்வளவு பருத்தி பறிச்சாங்கன்னு தினசரி வரி. ரிச்சர்ட் ஃப்ளைஷ்மன் மாதிரி ஆய்வாளர்கள் இதப் பத்தி முன்னாடியே எழுதியிருக்காங்க, 2018ல கேட்லின் ரோசந்தாலோட புத்தகம் வந்தப்புறம் வெளியிலயும் பேசுனாங்க. தேய்மானம், அதாவது வருஷா வருஷம் மதிப்பு எவ்வளவு இறங்குதுன்னு கணக்கிடுறது தொழிற்சாலைகள்ல பரவலா ஆகுறதுக்கு முன்னாடியே மனுஷங்க மேல அத ஒழுங்கா எழுதிட்டு இருந்திருக்காங்க, கட்டம் கட்டமா, சுத்தமான கையெழுத்துல.

அதனால ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டத்துல இருக்குறத "அச்சு நூல்ல முதல்ல விரிவா விளக்கியவர்"னு மட்டும் திருத்திப் போடுங்க, போதும். முடிஞ்சா அதே கட்டுரையாளர தோட்டக் கணக்கு பத்தி தனியா ஒண்ணு எழுதச் சொல்லுங்க. அவருக்கு நல்லா எழுத வருது, நாலு பக்கம் அவருக்குப் பத்தல.

இப்படிக்கு,
கணக்கு எழுதியே தலை நரைச்ச ஒரு வாசகன்