ட்ரக் மேல வீடு வாங்கப்போற அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

அடிலெய்டு, மெல்போர்ன், சிட்னின்னு ஆஸ்திரேலியா பூரா இருக்கற நம்ம அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கமுங்க.

பொங்கல் விழாவுல சாப்பாட்டு வரிசையில நின்னப்ப எனக்கு முன்னாடி ரெண்டு பேரு, பின்னாடி மூணு பேரு, எல்லாருக்கும் ஒரே பேச்சுதான், ரிடையர் ஆனதும் ஃபோர் வீல் டிரைவ் ட்ரக்ல கட்டுன மோட்டர்ஹோம் ஒண்ணு வாங்கி நாட்டை ஒரு சுத்து சுத்தணும்னு. சந்தோசமுங்க. ஆனா பேசுனது பூரா கிச்சன் எப்படி, ஷவர் உள்ளயா வெளியயா, சோலார் எத்தன வாட்டு, இதேதான். அடியில பாடிய தாங்கற இரும்புச் சட்டம், அதான் சேஸ், எவ்வளவு தூக்கும்னு ஒருத்தர் வாயில இருந்தும் வரல. நான் திருச்செங்கோட்டுக்காரன், அப்பா லாரி வச்சிருந்தாரு, சேஸ் மேல பாடி கட்டறத பாத்தே வளந்தவன். அப்படிப்பட்ட நானே ஏமாந்தேன், அதனாலதான் இந்த மடல்.

நான் வாங்குனது செகண்ட் ஹேண்டு. கட்டுன கம்பெனி பேரு வேண்டாம். பேப்பர்ல ஜிவிஎம், அதாவது ஆளு சாமான் எல்லாம் ஏத்தி வண்டி மொத்தமா இருக்கலாம்னு அனுமதிச்ச எடை, 4,495 கிலோ, காலி வண்டி 3,980 கிலோ. ஆகா 515 கிலோ ஏத்தலாமேன்னு நினைச்சேன். இப்ப கணக்கு போடுங்க. தண்ணி டேங்க் 200 லிட்டர், அது அப்படியே 200 கிலோ. டீசல் 150 லிட்டர், ஒரு 125 கிலோ. நானும் வீட்டம்மாவும் சேந்து 150 (இதுக்கு மேல நோண்டாதீங்க). மிச்சம் 40 கிலோ. அந்த 40 கிலோவுல துணிமணி, கேஸ் சிலிண்டர், ரெண்டாவது ஸ்டெப்னி, ஜாக்கி, மாட்டிக்கிட்டா வண்டிய இழுக்கற ரெக்கவரி சாமான், 20 கிலோ அரிசி மூட்டை எல்லாம் அடங்கணும். முதல் ட்ரிப்புக்கு கிளம்பறப்ப ஒரு சந்தேகத்துல எடை மேடையில ஏத்துனேன். 4,870. அதாவது 375 கிலோ ஓவர்லோடு. கிளம்பவே இல்ல, இதுல பின் ஆக்ஸில் (பின் சக்கர அச்சு) மட்டும் தனியா அளவு தாண்டி நிக்குது. அன்னிக்கு சாயங்காலம் நானும் வீட்டம்மாவும் டிரைவ்வேல உக்காந்து ஒவ்வொரு சாமானா குளியலறை தராசுல வச்சு எடை போட்டோம் பாருங்க, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலி மேல எட்டிப் பாத்து வீடு மாறறீங்களான்னு கேட்டாரு.

இந்த 4,495ங்கற நம்பர் ஏன்னு தெரியுமுங்களா? சாதாரண கார் லைசன்ஸ்ல 4.5 டன் ஜிவிஎம் வரைக்கும்தான் ஓட்டலாம். அதனால இன்னும் தூக்கற சேஸா இருந்தாலும் பேப்பர்ல அளவ குறைச்சு பதிஞ்சு, "கார் லைசன்ஸ் போதும் சார்"னு விக்கறாங்க. வாங்கறவனுக்கும் டெஸ்ட் எழுத சோம்பேறித்தனம். இசுசு கம்பெனியோட என்பிஎஸ்ங்கற ஃபோர் வீல் டிரைவ் ட்ரக்க எடுத்துக்கங்க, அதே வண்டி 7.5 டன்னுலயும் வருது, 4.5லயும் வருது. லைட் ரிஜிட்னு சின்ன லாரி லைசன்ஸ் எடுத்தா 8 டன் வரைக்கும் ஓட்டலாம். தயவுசெஞ்சு அத எடுத்துருங்க. ஓவர்லோடுல ஏதாச்சும் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிக்க அது ஒண்ணே போதும்.

அடுத்தது பாடி எப்படி உக்காந்திருக்குன்னு குனிஞ்சு பாருங்க. லாரி சேஸ் ஏணி மாதிரி, மேடு பள்ளத்துல முறுக்கணும், முறுக்கறதுக்காகவே செஞ்சது. நம்மூரு பட்டறையில சேஸுக்கும் பாடிக்கும் நடுவுல கட்டைய குடுத்து யு போல்ட் போட்டு இறுக்குவாங்களே, நேரா வெல்டு வைக்க மாட்டாங்க, அதுல விஷயம் இருக்குங்க. மோட்டர்ஹோம் பெட்டி முறுக்காது, முறுக்குனா ஒடையும். அதனால பின்னாடி கெட்டியா போல்ட் போட்டு முன்னாடி ஸ்பிரிங் வச்சு விட்டிருப்பாங்க, சேஸ் முறுக்கறப்ப பெட்டி லேசா எந்திரிச்சு உக்காரும், இல்லன்னா மூணு புள்ளியில தாங்கற மாதிரி இருக்கும். என்னோடதுல எல்லா மூலையும் இறுக்கி போல்ட் அடிச்சிருந்தான். ஊட்னடாட்டா ட்ராக்குங்கற மண்ரோட்டுல ஒரு காஞ்ச ஓடைய குறுக்கால ஏறி நின்னப்ப கதவு திறக்கல. வண்டிய சமதளத்துக்கு கொண்டு வந்தப்புறம் தானா திறந்துச்சு. உள்ள போய் பாத்தா ஜன்னல் மூலையில தலைமுடி மாதிரி ஒரு விரிசல். கேபின்ல இருந்து வீட்டுக்குள்ள நுழையற வழி வேணும்னு கேக்கறவங்க, நடுவுல ரப்பர் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பா வளைஞ்சு குடுக்கற ரப்பர் இணைப்பு) இருக்கான்னும் பாருங்க, கேபின் ஒரு பக்கம் ஆடும் பெட்டி ஒரு பக்கம் ஆடும்.

டயர். பின்னாடி ரெட்டை சக்கரம் ரோட்டுக்கு நல்லா இருக்கும். மணல்ல முன் சக்கரம் போட்ட தடத்துல பின் சக்கரம் போகாது, புதுசா ரெண்டு தடம் வெட்டிக்கிட்டு இழுக்கும், நடுவுல கல்லு வேற சிக்கிக்கும். அதனாலதான் ஒத்தை சக்கரமா, சூப்பர் சிங்கிள்னு மாத்தறாங்க. செலவு ஜாஸ்தி, இன்ஜினியர் சர்டிபிகேட் இல்லாம மாத்துன வண்டிய தொடாதீங்க. கட்டு பட்டை (லீஃப் ஸ்பிரிங்) எப்படி குலுக்குதுன்னும் ஒரு தடவ ஓட்டிப் பாருங்க, இந்த ஜப்பான் ட்ரக்குங்க இடுப்ப ஒடைக்கும்.

எந்த வண்டின்னு கேப்பீங்க. இசுசு இங்க 1989ல இருந்து ட்ரக் விற்பனையில முதல் இடம், பார்ட்ஸ் கிடைக்கும். ஃபூசோ கேன்ட்டரும் பரவால்ல. பென்ஸ்காரனோட யூனிமாக் ட்ரக் மேல எனக்கும் ஆசைதான், பார்ட்ஸ் விலை கேட்டதும் ஆசை போயிருச்சு.

ஆனா அதுக்கும் முன்னாடி, எங்க போகப்போறீங்க? கிப் ரிவர் ரோடு 660 கிலோமீட்டர், ஊட்னடாட்டா ட்ராக், இதுக்கெல்லாம் 7 டன் ராட்சசன் தேவையே இல்ல, அங்க கொல்லறது மண்ரோட்டு அலை அலையான மேடுதான், டயர் காத்த குறைச்சு பொறுமையா போனா போதும். சிம்சன் பாலைவனம்னா வேற கதை. ஆயிரத்துக்கும் மேல மணல் மேடு, மேற்கு ஓரத்துல மவுண்ட் டேர்ல டீசல் போட்டா அடுத்தது கிழக்கு ஓரத்துல பேர்ட்ஸ்வில்தான், டிசம்பர் 1ல இருந்து மார்ச் 15 வரைக்கும் பூட்டிருவாங்க. அங்க கூடுன ஒவ்வொரு கிலோவும் நீங்கதான் மண்வெட்டி புடிச்சு தோண்டணும்.

அதனால விக்கறவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. டேங்க் ரொப்பி, முன் ஆக்ஸில் பின் ஆக்ஸில் தனித்தனியா எடை போட்ட சீட்டு குடுங்க, இல்ல நான் கூட வர்றேன் இப்பவே எடை மேடைக்கு போலாம்னு. "அதெல்லாம் வேண்டாம் சார், கரெக்டா இருக்கும்"னு இழுத்தா அட்வான்ஸ் குடுக்காம திரும்பி வந்துருங்க.

நான் ஒரு வழியா என் வண்டிய திரும்ப பெரிய ஜிவிஎம்க்கு மாத்தி பதிஞ்சு, பெட்டியடிய அவுத்து ஸ்பிரிங் வச்சு கட்டி, லைசன்சும் எடுத்துட்டேன். செலவு எவ்வளவுன்னு வீட்டம்மா முன்னாடி கேக்காதீங்க. வெட் கிரைண்டர் மட்டும் இன்னும் கராஜ்லதான் இருக்கு, 12 கிலோ, அதுக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு.