குடியல்லோம் என்றது யாரிடம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வெளியான தற்சார்பு பற்றிய கட்டுரையில், “அன்றாடத் தேவைக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பவர் சுதந்திர மனிதர் ஆகார்” என்னும் வரியைப் படித்த நாள்முதல் மனம் ஆறவில்லை. அதற்குச் சான்றாக அப்பர் பெருமானின் “நாமார்க்கும் குடியல்லோம்” (நாம் யாருக்கும் அடங்கிய குடிகள் அல்லோம்) என்னும் அடியையே காட்டியிருந்ததுதான் பெரிய வேதனை. அவர் கல்லையே தெப்பமாகக் கொண்டு கரையேறியதாகப் போற்றப்படும் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருக்கும் நான் இதற்குப் பேசாமல் இருக்க முடியாது.

அந்த அடி யாரிடம் சொல்லப்பட்டது என்பது தாங்கள் அறியாததன்று. பல்லவ மன்னன் ஆளனுப்பி அழைத்தபோது வர மறுத்துச் சொன்ன விடை அது. அதனால்தான் அப்பதிகத்துக்கு மறுமாற்றத் திருத்தாண்டகம் என்று பெயர்; மறுமாற்றம் என்றால் மறுமொழி. சூலை நோயில் துடித்தபோது இரவோடு இரவாகத் திருவதிகைக்குப் போய்த் தமக்கை திலகவதியாரின் காலில் விழுந்தவரும் அதே அப்பர்தான். அரசனுக்குக் குடியல்லோம் என்றாரே தவிர, அக்காவின் கை வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதே பாடலில் இறைவனுக்கு “மீளா ஆளாய்”, அதாவது என்றும் மீளாத அடிமையாய், ஆனதைப் பெருமையோடு சொல்கிறாரே, அந்தப் பகுதியை ஏன் விட்டுவிட்டீர்கள்? கட்டுரை கொண்டாடும் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட், பிறர் வழிகாட்டல் இன்றித் தன் அறிவைத் தானே பயன்படுத்தத் துணிய வேண்டும் என்று 1784-இல் எழுதினார். அவரை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிட லாம்பே என்னும் பணியாளர் இருந்தார். அதனால் கான்ட்டின் சிந்தனை அடிமைப்பட்டுவிட்டதா?

எனக்கு இடுப்பெலும்பு முறிந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. குனிய முடியாததால், புடவைக் கொசுவத்தின் கீழ்மடிப்புகளை என் மருமகள்தான் தரையில் மண்டியிட்டு நீவிவிடுகிறாள். ஆனால் எந்தப் புடவை என்பதை, “அத்தை, இன்றைக்கு எது?” என்று என்னிடம் கேட்காமல் அவள் பீரோவைத் திறப்பதில்லை. கையும் காலும் திடமாக இருந்து, நாள்தோறும் நான்கு கிலோமீட்டர் நடந்துபோய்ப் பாடம் நடத்திய காலத்திலோ, என் சம்பளக் கவரைப் பிரிக்காமல் மாமனாரிடம் கொடுத்துவிட்டு, பெற்ற தாயைப் பார்க்கப் பண்ருட்டிக்குப் போகும் பஸ் காசுக்கு அவர் முன் நின்றிருக்கிறேன். அப்போது என் வேலைகள் அத்தனையையும் நானே செய்தேன். ஆயினும் அன்றுதான் நான் குடியாக இருந்தேன்.

தங்கள் இதழ் முதியோரை இப்படி எழுதுவது இது முதல் முறையும் அன்று. பிள்ளைகளோடு வாழும் பெற்றோரைத் தீபாவளி மலரில் ‘சுமை’ என்று குறிப்பிட்டீர்கள். அதற்கு நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை மூன்று வரியாக்கி, “கட்டுரை சிந்திக்க வைத்தது” என்ற வரியை மட்டும் பாராட்டுப்போல வெளியிட்டீர்கள். முப்பது ஆண்டுகளாகச் சந்தா கட்டும் என்னை அது எவ்வளவு புண்படுத்தியது என்பதைத் தாங்கள் ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இம்முறை என் கடிதத்தை வெளியிடாவிட்டாலும் பரவாயில்லை. “நாமார்க்கும் குடியல்லோம்” எனத் தொடங்கும் அப்பாடலை மட்டும், கடைசி அடிவரை வெட்டாமல், என் போன்றோர் கண்ணுக்கு எட்டும் எழுத்தில் அடுத்த இதழில் அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.