அகிம்சை பொறுத்துப்போவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

காந்தி ஜெயந்தியன்று மட்டக்களப்பு காந்தி பூங்காவில் சிலைக்கு மாலையிட்டுப் பேசிய ஒருவர், அகிம்சை என்றால் எதையும் பொறுத்துப்போவது என்று மாணவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில்தான் ஒல்லாந்தர் கோட்டை இருக்கிறது என்பதால் அந்த விளக்கம் எனக்குக் கூடுதலாகவே உறுத்தியது.

மாவட்ட அரச நிர்வாக அலுவலகமான கச்சேரி அந்நாளில் கோட்டைக்குள்தான் இயங்கியது. 1961 பெப்ரவரி 20 இல் தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தொடங்கிய சத்தியாக்கிரகம் இங்கும் பரவியபோது, தமிழரோடு முஸ்லிம்களும் சேர்ந்து வாயிலை மறித்து அமர்ந்தார்கள். அவர்கள் கேட்டது தமிழில் நிர்வாகம். அதற்காக, சிங்களத்தை மட்டும் திணித்த நிர்வாகத்தை வாரக்கணக்கில் முடக்கினார்கள். அந்த முயற்சி தோற்றது என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. உண்மைதான், மொழியுரிமை அப்போது கிடைக்கவில்லை. ஆனால் கையில் கம்புகூட இல்லாமல் தரையில் இருந்தவர்களை எழுப்புவதற்கு ஏப்ரல் 17 இல் அவசரகாலச் சட்டமும் இராணுவமும் தலைவர்களுக்குப் பனாகொடைத் தடுப்பு முகாமும் அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டனவென்றால், அவர்கள் சும்மா இருந்தார்கள் என்று எப்படிச் சொல்வது? 1988 இல் போர்நிறுத்தம் கோரி இங்கு மாமாங்கத்தில் முப்பது நாட்களுக்கு மேல் உண்ணாதிருந்து உயிர்விட்ட அன்னை பூபதியையும் பொறுத்துப்போனவர் என்று எவரும் சொல்லத் துணியார்.

காந்தியே இந்தக் குழப்பத்துக்கு அஞ்சித்தான், தென்னாப்பிரிக்காவில் வழங்கிவந்த 'சாத்வீக எதிர்ப்பு' என்ற பெயர் பலவீனரின் ஆயுதம் என்ற எண்ணத்தைத் தருவதாகக் கருதி, சத்தியாக்கிரகம் என்ற புதுப்பெயரைத் தேடிக்கொண்டார்.

பழங்கதையாகத் தோன்றினால் 2020 டிசம்பரை நினைத்துப் பார்க்கலாம். கொரோனாவில் இறந்தோரின் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்தபோது, காத்தான்குடியில் என்னோடு படிப்பித்த நண்பர் தன் வீட்டுக் கேற்றில் ஒரு முழம்கூட இல்லாத வெள்ளைச் சீலைத்துண்டைக் கட்டினார். முஸ்லிம்கள் இறந்தவரைப் போர்த்தி அடக்கும் கபன் துணி அது என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொழும்பு பொரளை மயான வேலியிலும் அத்தகைய துண்டுகள் தொங்கின. அவை கழற்றப்பட்ட பிறகும் மக்கள் மறுபடி கட்டினார்கள். அடுத்த பெப்ரவரியில் பொத்துவிலில் புறப்பட்ட பேரணியிலும் எரிக்காமல் அடக்கம் செய்ய விட வேண்டும் என்ற கோரிக்கை ஒலித்தது. அம்மாத இறுதியில் உத்தரவு மாறியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது. வெளிநாட்டு அழுத்தமும் அதற்குக் காரணமென்பதை மறுக்கவில்லை.

1961 இல் கோட்டை வாயிலில் இருந்த இளைஞர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். எஞ்சியிருப்போரின் நினைவுகளைத் தங்கள் இதழ் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அடுத்த ஒக்டோபரில் மாணவர்கள் முன் பேச அவர்களில் ஒருவரையே அழைக்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கல்லடி.